விசில் இல்லாத வெடி

நம் புதிய வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் கதவைத் திறந்ததும் எனக்குக் கேட்டது மழை. வெளியே சென்னை வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருபது மேசைகளில் நீங்கள் விசைப்பலகைகளைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். மெல்ல, விடாமல், ஒன்றின் மேல் ஒன்றாக. ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உங்களில் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், மயக்கம் என்று நினைத்து.

மயக்கம் இல்லை. அந்தச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். சூளகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு இரண்டு மைல் உள்ளே, ஓர் ஓட்டு வீட்டில், ஆயிரக்கணக்கான பட்டுப்புழுக்கள் மல்பெரி இலை தின்னும் சத்தம் அது.

விடைபெறும் நாளில் ஏதாவது பேசச் சொன்னீர்கள். எனக்கு மேடையில் நா எழாது. ஓய்வு வயது வரும் முன்பே வேலையை விட்டுப் போகிறவனுக்குப் பேச உரிமை உண்டா என்றும் தெரியவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். ரேடார் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் போட்ட சில சைபர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. அன்று நம் வானம், பாகம் பிரித்துவிட்டுப் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகளின் நிலம் மாதிரி இருந்தது. யாருடைய பாகம் எது என்று எல்லோருக்கும் தெரியும். யார் எப்போது அதில் இறங்குகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெங்களூருக்குத் தெற்கே, ஓசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரி வரை, ஒரு பெரிய துண்டு வானம் விமானப்படையின் சோதனை விமானங்களுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. விடியலிலிருந்து பொழுது சாயும்வரை அது அவர்களுடையது. நம் பயணி விமானங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகும். நேராகப் போக வேண்டியவன் ஊரைச் சுற்றிப் போவதுபோல.

என் மேலாளர் அந்தத் துண்டின் குறுக்கே ஒரு நேர்கோடு போட வேண்டும் என்று ஆறு வருடம் கடிதம் எழுதினார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதைத் தேடிக்கொண்டே கடிதம் எழுதுவார். ஒவ்வொரு கடிதத்துக்கும் வந்த பதில் ஒன்றுதான்: நாள் முழுவதும் பயன்பாட்டில் உள்ளது, திறக்க இயலாது. எத்தனை விமானம், எந்த நேரம் என்று கேட்டால், அது ரகசியம்.

அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. கையில் இருப்பதை விட மனமில்லாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் அறையில் தேநீரோடு தினமும் பேசிக்கொள்வோம். ஒருநாள் அவர் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்: நீ விடுப்பு எடு. அந்தத் துண்டுக்குக் கீழே போய் உட்கார். விடியலிலிருந்து இருட்டும்வரை எண்ணு. எண்ணிக்கையை டெல்லிக்கு அனுப்புவோம். காலியாக இருக்கும் நேரத்தைத் திறந்துவிடச் சொல்லி அவர்கள் உத்தரவு போடுவார்கள்.

எழுத்தில் ஒன்றும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு இருபத்தெட்டு வயது. உளவு பார்க்கப் போகிறேன் என்ற நினைப்பே உடம்பில் ஒரு சூட்டைக் கிளப்பியது.

சாலையோரத் தேநீர்க் கடைக்காரரிடம் தங்க இடம் கேட்டேன், அவர் மாதம்மாவின் வீட்டைக் காட்டினார். மாதம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போயிருந்தார். மூன்று ஏக்கரில் மல்பெரி, தோட்டத்தின் நடுவே புழு வளர்க்கும் வீடு, அதை ஒட்டி ஓர் அறை. வானிலை ஆபீஸிலிருந்து மேகம் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அறை தருவதாகச் சொன்னார். ஆனால் பவுடர் போடக் கூடாது, பீடி கூடாது, புழு வீட்டு வாசற்படியை மிதிக்கவே கூடாது. அன்னியர் காலோடு நோய் வரும் என்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள சட்டம். காய்ச்சல் வந்த புழு ஒரே நாளில் தட்டுத் தட்டாகக் கருத்துப்போகும்.

"மேகம் பாக்கறதுன்னா பாருங்க. அந்தக் கதவ மட்டும் பாக்காதீங்க" என்றார்.

தோட்டத்து மேட்டில் ஒரு வேப்பமரம். அதன் கீழே பைனாகுலர், கைக்கடிகாரம், கோடு போட்ட நோட்டு. விடிந்ததும் ஜெட் விமானங்கள் வரும். வடக்கிலிருந்து கிழித்துக்கொண்டு வந்து, திரும்பி, ஏறி, மறையும். ஒன்பது மணிக்குள் அடங்கிவிடும். பிறகு மூன்று மணிக்கு மேல்தான் மறுபடி. நடுவில் ஆறு மணி நேரம் வானம் வெறிச்சென்று கிடந்தது. நான் சைபர் போட்டேன். அடுத்த கட்டத்திலும் சைபர். அடுத்த நாளும்.

சந்தேகத்துக்கு ஒரு ருசி உண்டு, நண்பர்களே. அது நிரூபணம் ஆகும்போது வரும் ருசி அதைவிட அதிகம். ஒவ்வொரு சைபரும் அவர்கள் மேல் நான் எழுதிய குற்றப்பத்திரிகை. மத்தியான வெயிலில் கண் கூசும், மேலே பார்த்தால் வெள்ளைத் தகடு. அப்போதும் எழுத்து மட்டும் அழகாக வந்தது.

தூரத்தில் ஒரு கல்குவாரி இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் வெளியேறியதும் வெடி வைப்பார்கள். எதையும் விடாமல் எழுதும் பழக்கத்தில் அதையும் ஓரத்தில் குறித்தேன்: குவாரி வெடி, மணி இத்தனை. அந்த ஓரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மேலே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோது, கீழே என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மாதம்மாவின் தம்பி திம்மராஜ் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். கம்பெனி பஸ்ஸில் போய், கம்பெனி பஸ்ஸில் வந்து, என் எதிரே நின்று பல் குச்சியைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பான். அக்காவும் தம்பியும் என் முன்னால் தெலுங்குக்கு மாறிவிடுவார்கள். எனக்கு அதில் ஒரு சொல் மட்டும் பிடிபடும்: சர்வே.

பதினோராம் நாள் மாலை நான் குளித்துவிட்டு வந்தபோது என் பை கட்டிலின் மேல் கொட்டிக் கிடந்தது. என் வரைபடத்தைத் திம்மராஜ் விரித்து வைத்திருந்தான். அதில் சூளகிரியின் மேலும் குருபரப்பள்ளியின் மேலும் சிவப்புப் பென்சிலில் பத்து மைல் அகலத்துக்கு இரண்டு கோடு. மாதம்மா என் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நாலு பேர் வெளியே.

"மேகத்துக்கு எதுக்கு சார் எங்க ஊரு மேல கோடு?" என்றான் திம்மராஜ்.

குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கம்பெனிக்கு எடம் எடுத்தப்பவும் இப்படித்தான் சார். மொதல்ல ஒருத்தரு வந்தாரு. மண்ணு பாக்க வந்தேன்னாரு. நல்ல மனுசன். எங்க பெரியப்பா ஊட்லதான் சாப்டாரு. அப்பறம் நோட்டீஸ் வந்துச்சி. இப்ப அந்த எடத்துலதான் நான் ஷிப்டு பாக்கறேன்."

நான் சொன்ன பொய் அவன் கேட்ட பழைய பொய்யின் அச்சாக இருந்தது. அதனால் உண்மையைச் சொன்னேன். எல்லாவற்றையும். வானத்தில் ஒதுக்கிய துண்டு, அதில் யாரும் பறக்காத நேரம், பயணி விமானங்களுக்கான நேர்கோடு. சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை. வெளியே நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். வானத்தை அளக்க வந்தவன் என்று கன்னடத்தில் சொன்னது புரிந்தது.

மாதம்மா சிரிக்கவில்லை. நோட்டின் கட்டங்களில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மத்தியானத்துக்கு எல்லாம் என்னா போட்டிருக்கீங்க?"

சைபர், ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம் என்றேன்.

"வர்லன்னு யாரு சொன்னா?"

நான்தானே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

"பாத்தீங்க. கேட்டீங்களா?" என்றார். "மத்தியானத்துல மேல வருது சார். மாசத்துல பாதி நாளு வருது. கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் எறங்கும். எம் புழு தலையத் தூக்கிக்கினு நின்னுடும்."

அது குவாரி வெடி என்று விளக்கினேன். படித்தவன் படிக்காதவருக்கு விளக்கும் அந்தப் பொறுமையான குரலில். இன்றும் அந்தக் குரலை நினைத்தால் எனக்குக் காது சுடுகிறது.

"குவாரி வெடின்னா மூணு வாட்டி விசில் ஊதுவான். ஊதாம வெடிச்சா ஆளு சாவான் இல்ல? விசில் இல்லாம வர்றது குவாரி இல்ல சார். பதினோரு நாளா ஒக்காந்திருக்கீங்க, இது தெரியலயா?"

திம்மராஜுக்கு இதில் எல்லாம் அக்கறை இல்லை, என்னை அன்றே பஸ் ஏற்றிவிட வேண்டும் என்றான். மாதம்மா தெலுங்கில் ஏதோ சொன்னார். அவன் பல் குச்சியைத் துப்பிவிட்டுப் போனான். அடுத்த நாள் மத்தியானம்வரை எனக்குத் தவணை கிடைத்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு அவர் என்னைக் கை கால் கழுவச் சொன்னார். மறுபடி கழுவச் சொன்னார். செருப்பை வேலிக்கு வெளியே விடச் சொன்னார். பிறகு அந்தக் கதவைத் திறந்தார்.

உள்ளே மழை. அப்படித்தான் நினைத்தேன். கூரையைப் பார்த்தேன். தோல் உரிக்கும் நான்காவது தூக்கம் முடிந்து எழுந்த புழுக்கள், இனி தின்பது தவிர வேறு வேலை இல்லாதவை, தட்டுத் தட்டாக, அடுக்கடுக்காக, பச்சை இலையின் ஓரத்தை அரித்துக்கொண்டிருந்தன. அரை இருட்டு. இலையின் ஈர வாசனை. வீடே ஒரு வாயாகி மென்றுகொண்டிருந்தது. நாங்கள் காத்து நின்றோம். பதினொன்றரை. பன்னிரண்டுக்குப் பத்து. எங்கும் விசில் இல்லை.

பன்னிரண்டு அடித்து நாலு நிமிடம். இரண்டு அடி, ஒன்றன் பின் ஒன்றாக, ஓட்டின் மேல் யாரோ உள்ளங்கையால் தட்டியதுபோல. கால் வழியாக வரவில்லை. தலைக்கு மேலிருந்து வந்தது.

மழை நின்றது.

ஒரு புழுகூட மிச்சமில்லாமல் எல்லாம் தலையைத் தூக்கி நின்றன. அந்த வீட்டின் அமைதியில் என் கைக்கடிகாரம் ஓடுவது எனக்குக் கேட்டது. நான் போட்ட அத்தனை சைபரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்து என்னைப் பார்த்தன. பிறகு ஒரு மூலையில் ஒரு புழு குனிந்தது, இன்னொன்று, மறுபடி தூறல்.

மாதம்மா அடுத்த தட்டுக்கு இலை அள்ளிப் போட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று மாலை குவாரிக்கு நடந்தேன். விசில் ஊதுகிறவரிடம் கேட்டேன். அந்தப் பன்னிரண்டு நாளில் மூன்றே முறைதான் வெடி வைத்ததாகச் சொன்னார், எந்தெந்த நாள் என்றும் சொன்னார். என் நோட்டின் ஓரத்தில், அன்றையதையும் சேர்த்து, எட்டு வெடிகள் இருந்தன. எட்டில் மூன்று போக ஐந்து, கண்ணுக்கு எட்டாத உயரத்தில் ஒலியை முந்திப் பறக்கும் விமானம் கீழே இறக்கும் இடி. அன்று புழு வீட்டில் கேட்டதும் அதில் ஒன்று. மற்ற நான்கையும் நானே கேட்டு, நானே நேரம் குறித்து, நானே வேறு பெயர் எழுதி ஓரத்தில் தள்ளியிருந்தேன். மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று யாரைத் தேடி வந்தேனோ, அவர்கள் வேலையை நானே செய்திருந்தேன்.

சென்னைக்குத் திரும்பியபோது மேலாளர் குறிப்பைத் தயாராக வைத்திருந்தார். என் கடைசி எண்ணிக்கையைச் சேர்த்தால் போதும். ஒன்பதிலிருந்து மூன்றுவரை முற்றிலும் காலி. இரண்டு நாளில் பெங்களூரில் கூட்டம், டெல்லியிலிருந்தும் ஆள் வருகிறார். நான் விசிலைப் பற்றிச் சொன்னேன். புழுவைப் பற்றிச் சொல்லவில்லை, பயந்துவிட்டேன்.

அவர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கினார்.

"நீ பாத்தியா?"

"பாக்கல சார்."

"அப்ப சைபர் சைபர்தான். பாக்காததப் பாக்கலன்னு எழுதறதுல என்ன பொய் இருக்கு?"

"கேட்டேன் சார்."

"ஆறு வருஷமா அவங்க நம்மகிட்ட ஒரு உண்மை சொன்னாங்களா? நீ மட்டும் எதுக்கு அவங்க கேஸையும் சேத்து நடத்தற?"

நல்ல மனிதர் அவர். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது, அதுதான் அதன் ஆபத்து. டெல்லிக்காரர் சைபர்களைப் பார்ப்பார், உத்தரவு போடுவார். ஏதோ ஒரு மத்தியானம், நூறு பேரோடு நேர்கோட்டில் வரும் விமானத்துக்கு மேலிருந்து, ஒலியை முந்திப் போனது ஒன்று வேகம் தணிந்து இறங்கி வரும். யாரும் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். விசாரணையில் என் நோட்டை எடுத்துப் பார்த்தால் என் கையெழுத்து அழகாக இருக்கும்.

நான் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து குறிப்பில் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்தேன். 'கண்டது' என்று இருந்ததற்குப் பக்கத்தில் 'கேட்டது'. ஐந்து நேரங்கள். மேலாளர் அதைப் படித்தார். கையெழுத்துப் போடவில்லை. உன் பெயரில் வை என்று மட்டும் சொன்னார். அனுமதி இல்லாமல் போனவன் தன் பெயரில் வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கூட்டத்தில் படைப்பக்கத்து அதிகாரி ஒருவர் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்தார். உயரமானவர், அசையாதவர். காலை, மாலை எண்களைப் புரட்டிவிட்டு மேசையில் போட்டார். 'கேட்டது' பத்திக்கு வந்ததும் நின்றார். தன் பதிவேட்டைத் திறந்தார், எங்களுக்குத் தெரியாதபடி தூக்கிப் பிடித்து. இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இந்த நேரங்களை எங்கள் ஆட்களில் யார் உங்களுக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டார். யார் அனுமதியில் அங்கே போனீர்கள் என்றும் கேட்டார்.

வேலை போனது என்று நினைத்தேன். வேலை மட்டும் போனால் பரவாயில்லை என்றும் நினைத்தேன்.

என் மேலாளர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். என் உத்தரவில் போனார் என்றார். உத்தரவு எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இன்று எழுதித் தருகிறேன் என்றார்.

நேரங்களைக் கொடுத்தது யார் என்ற கேள்வி மிச்சம் இருந்தது. பட்டுப்புழு என்றேன். பிறகு முழுவதையும் சொன்னேன், விசில், எட்டு, மூன்று, ஐந்து. டெல்லிக்காரர் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார். எதிரே இருந்தவர் சிரிக்கவில்லை. பன்னிரண்டு மைல் உயரத்தில் போவதை ஒரு புழு பிடித்துக் கொடுத்துவிட்டதே என்று யோசிப்பவர்போல உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தப் பதிவேட்டை மேசையில் வைத்து, எங்கள் பக்கம் திருப்பினார். ஆறு வருடத்தில் முதல் முறை.

ஐந்தில் நான்கு பொருந்தின. ஐந்தாவது என்ன என்று தனக்கும் தெரியாது என்றார். அதை நான் இன்றுவரை நம்பவில்லை.

மத்தியானப் பறப்புகள் அட்டவணையில் வராதவை, அன்றன்று காலையில் முடிவாகிறவை. அதனால்தான் நாள் முழுவதையும் பிடித்து வைத்திருந்தார்கள். சொல்லியிருந்தால் நாங்கள் கேட்டிருப்போம். கேட்கும் தொனியில் நாங்கள் கேட்டதே இல்லை. கூட்டத்தில் முடிவானது இது: மத்தியானம் அவர்களுக்கு, அதற்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் நமக்கு, நடுவில் இரண்டு மேசைகளையும் சேர்க்கும் ஒரு நேரடித் தொலைபேசி. தினமும் காலையில் இருவரும் பேசிய பிறகே கோடு திறக்கும். நீங்கள் இன்று திரையில் நிறம் மாற்றித் திறந்து மூடும் வான்துண்டுகள் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்தக் கறுப்புத் தொலைபேசிதான். அது நம்பிக்கையில் வைத்த போன் இல்லை. ஒருவரை ஒருவர் தினமும் சந்தேகப்பட ஒரு வசதி.

உங்கள் திரையில் காலியாகத் தெரியும் இடத்தை நான் இப்போதும் முறைத்துப் பார்க்கிறேன். காலி என்று சொல்வது வானமா, என் கண்ணா, என் ஆசையா? எதிர்ப்பக்கத்தைச் சந்தேகப்படுங்கள், தாராளமாக. அந்த வேலை முடிந்தபிறகு, உங்கள் நோட்டின் ஓரத்தில் எதை வேறு பெயரில் எழுதி ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

புதிய வரைபடம் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மாதம்மாவைப் பார்க்கப் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை. புழு எல்லாம் கூடு கட்டி முடித்து, வீடு சத்தமில்லாமல் இருந்தது. திம்மராஜ் டியூட்டிக்குக் கிளம்பி நின்றான். நான் வரைபடத்தை விரித்து நேர்கோட்டைக் காட்டினேன். உங்கள் தோட்டத்துக்கு நேர் மேலே போகிறது, ஆனால் மைல் கணக்கில் உயரம், உங்கள் நிலத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, மத்தியானத்தை உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் விட்டுவைத்தோம் என்றேன். நன்றி சொல்லத் தெரியாமல் இதை எல்லாம் சொன்னேன்.

மாதம்மா கோட்டின் மேல் விரலை வைத்துச் சூளகிரியிலிருந்து குருபரப்பள்ளிவரை இழுத்தார். பிறகு மறுபடி இழுத்தார்.

"மேல போட்ட கோடு கீழ எறங்காதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

அது என் கையில் இல்லை என்றேன். கம்பெனிகளுக்கு இடம் எடுப்பவர்கள் வேறு ஆபீஸ், அவர்களிடம் என் எழுத்துக்கு மதிப்பில்லை. அது உண்மை. அந்த வீட்டில் நான் சொன்ன உண்மைகள் எல்லாம் தாமதமாகவே வந்தன.

சாலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. திம்மராஜ் என்னைப் பார்க்காமல் நடந்தான். மாதம்மா வரைபடத்தை நாலாக மடித்தார், என்னிடம் கொடுக்கவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்ப சந்தேகப்படற வேலைய எங்ககிட்ட வுட்டுட்டு, நீங்க போய் பஸ்ஸப் புடிங்க சார்."